வீதி யாருக்குச் சொந்தம்? தொழில்சார் சைக்கிளோட்டத்தின் அதிகாரப் போட்டிகளும் நிச்சயமற்ற எதிர்காலமும்

இத்தாலியின் ஜிரோ, பிரான்சின் டூர், ஸ்பெயினின் வுவெல்டா ஆகிய மூன்றும் சைக்கிளோட்ட உலகின் பெரும் போட்டிகளாகும். 2023ஆம் ஆண்டில் இம்மூன்றையும் ஒரே அணி வென்றது. நெதர்லாந்தைத் தளமாகக் கொண்ட ஜம்போ விஸ்மா அணியின் ரொக்லிச், விங்ககோர், குஸ் ஆகிய மூன்று வீரர்கள் முறையே அவற்றைக் கைப்பற்றினர். அதற்கு முன்னர் எந்தவோர் அணியும் ஓராண்டில் நிகழ்த்தியிராத சாதனை இதுவாகும்.

வேறெந்த விளையாட்டிலாயினும் இத்தகையதோர் அணியின் வாசலில் முதலீட்டாளர்கள் வரிசையாக நின்றிருப்பர். ஆனால், இங்கு நடந்ததோ வேறு. வெற்றிக் களிப்பு அடங்குவதற்கு முன்னரே, அந்த அணி தனது போட்டியாளரான பெல்ஜியத்தின் சூடல் குவிக்ஸ்டெப் அணியுடன் இணைந்துவிடுவதற்குப் பேச்சு நடத்துகின்றது என்ற செய்தி வெளியாகியது. அணிக்குப் பெயர் கொடுத்திருந்த சுப்பர் மார்க்கெட் நிறுவனம் அனுசரணையிலிருந்து விலகத் தீர்மானித்திருந்ததே இதற்கான பின்னணியாகும். பேச்சுகள் இறுதியில் முறிவடைந்தன. புதிய அனுசரணையாளர் கிடைத்தமையால் அணியும் தப்பிப் பிழைத்தது. எனினும், மூன்று மகுடங்களைச் சூடிய அணிகூட அடுத்த ஆண்டு இருக்குமோ இராதோ என்ற நிலை தோன்றியதேன் என்ற கேள்வி மட்டும் அகலவில்லை.

இது தனியொரு சம்பவமுமல்ல. 2007ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்ற டிஸ்கவரி சனல் அணி அதே ஆண்டின் இறுதியில் கலைக்கப்பட்டது. பல ஆண்டுகளாக மிக அதிக வெற்றிகளைக் குவித்து வந்த எச்.ரி.சி. ஹைரோட் அணி 2011இல் அனுசரணையாளர் கிடைக்காது மூடப்பட்டது. 2012 முதல் 2018 வரையிலான 7 ஆண்டுகளில் 6 தடவைகள் டூர் பட்டத்தை வென்ற பிரித்தானியாவின் ஸ்கை அணியையும் அதன் அனுசரணையாளரான ஒளிபரப்பு நிறுவனம் கைவிட்டது. 2019இல் செல்வந்தரொருவரின் இரசாயனக் கம்பனியான இனியோஸ் பொறுப்பேற்றிராவிடின் அதன் கதியும் அதுவாகவே இருந்திருக்கும்.

வெற்றிக்கும் வாழ்வுக்கும் தொடர்பில்லாத இந்த விசித்திர நிலை எவ்வாறு உருவாகியது? இதற்குள் மறைந்திருக்கும் அதிகாரப் போட்டி எத்தகையது? இவற்றை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் இந்த விளையாட்டின் பிறப்பிலிருந்தே நாம் தொடங்குதல் வேண்டும்.

பத்திரிகையின் பிள்ளை

பத்திரிகைத் துறையிலுள்ள நாம் சற்று உன்னிப்பாக நோக்க வேண்டிய வரலாறு இது. டூர் டி பிரான்ஸ் ஒரு விளையாட்டுச் சங்கத்தினால் தோற்றுவிக்கப்பட்டதன்று. ஒரு பத்திரிகையின் விற்பனையைப் பெருக்குவதற்காகத் தோற்றுவிக்கப்பட்டதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இராணுவ அதிகாரியான டிரைபஸ் தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்ட விவகாரம் அந்நாட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. முன்னணி விளையாட்டுப் பத்திரிகையாகத் திகழ்ந்த 'லெ வெலோ'வின் ஆசிரியர் டிரைபஸுக்கு ஆதரவானவர். அப்பத்திரிகைக்குப் பெருமளவில் விளம்பரங்களை வழங்கிவந்த மோட்டார் வாகன உற்பத்தியாளரான டி டியொன் பிரபு எதிரணியைச் சேர்ந்தவர். பகை முற்றியபோது அவரும் அவரது சகாக்களும் விளம்பரங்களை மீளப்பெற்று, 1900ஆம் ஆண்டில் புதிய பத்திரிகையொன்றையே ஆரம்பித்துவிட்டனர். பின்னர் 'லோத்தோ' எனப் பெயர் பெற்ற அப்பத்திரிகை விற்பனையில் தடுமாறிய வேளையில், இளம் செய்தியாளரான ஜியோ லெபெவ்ர் பிரான்சைச் சுற்றிவரும் சைக்கிளோட்டமொன்றை நடத்தலாம் என்ற யோசனையை முன்வைத்தார். ஆசிரியர் ஹென்றி டெகிராஞ் அதனைச் செயற்படுத்தினார்.

1903 ஜூலையில் நடைபெற்ற முதலாவது போட்டியில் 60 வீரர்கள் புறப்பட்டனர். 21 பேர் மாத்திரமே போட்டியை நிறைவு செய்தனர். பத்திரிகையின் விற்பனை துரிதமாகப் பெருகியது. மறு ஆண்டே 'லெ வெலோ' மூடப்பட்டது. முன்னிலை வகிக்கும் வீரர் அணியும் புகழ்பெற்ற மஞ்சள் மேலாடை 1919இல் அறிமுகமாகியது. 'லோத்தோ' அச்சிடப்பட்ட தாளின் நிறமும் மஞ்சளேயாகும். இத்தாலியின் ஜிரோ போட்டியை 1909இல் ஆரம்பித்ததும் 'லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' என்ற பத்திரிகையே. அதன் தாள் இளஞ்சிவப்பு. அப்போட்டியின் முன்னிலை மேலாடையும் இளஞ்சிவப்பு. ஸ்பெயினின் வுவெல்டாவும் 1935இல் ஒரு நாளிதழினாலேயே தொடக்கி வைக்கப்பட்டது.

ஆக, விளம்பரத்தை மீளப்பெற்ற ஒரு செல்வந்தரின் அரசியற் கோபமே உலகின் மிகப் பெரிய சைக்கிளோட்டத்திற்கு வித்திட்டது. விளையாட்டில் அரசியலும் பணமும் இன்றுதான் கலந்துவிட்டன என அங்கலாய்ப்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

அறுவடை ஒருவருக்கு, உழைப்பு மற்றவருக்கு

இந்தப் பிறப்பே இன்றைய சிக்கலின் வேராகவும் அமைந்தது. உதைபந்தாட்டத்தில் கழகத்துக்கு மைதானம் உண்டு. நுழைவுச்சீட்டு வருமானம் உண்டு. ஒளிபரப்பு உரிமையில் பங்கும் உண்டு. சைக்கிளோட்ட அணிக்கோ இவற்றில் எதுவும் இல்லை எனலாம். போட்டி நடைபெறுவது பொது வீதியில். மலைச்சரிவுகளிலும் கிராமத்துச் சந்திகளிலும் திரளும் இலட்சக்கணக்கான மக்களிடம் எவரும் கட்டணம் அறவிடுவதில்லை. ஒளிபரப்பு உரிமை, தொடக்க நகரமாகவும் முடிவு நகரமாகவும் இடம்பெற நகரசபைகள் செலுத்தும் கட்டணம், விளம்பர ஊர்வலம் என்பவற்றிலிருந்து கிடைக்கும் வருமானம் போட்டியை நடத்துபவருக்கே உரியது.

அந்த நடத்துநர்களில் முதன்மையானது ஏ.எஸ்.ஓ. எனப்படும் பிரெஞ்சு நிறுவனமாகும். 'லோத்தோ'வின் வாரிசாக 1946இல் பிறந்த 'லெக்கீப்' நாளிதழையும் டூர் போட்டியையும் 1965 முதல் தன்வசம் வைத்திருக்கும் அமோரி குடும்பத்தினரே இதன் உரிமையாளர்கள். டூர் மட்டுமன்றி பரிஸ் - ரூபே, பரிஸ் - நீஸ், லியேஜ் - பஸ்தோன் - லியேஜ் முதலான புகழ்பெற்ற போட்டிகளும் இவர்களுடையவையே. வுவெல்டாவின் ஒரு பகுதியை 2008இலும் எஞ்சியதை 2014இலும் இந்நிறுவனம் கொள்வனவு செய்தது. மூன்று பெரும் போட்டிகளில் இரண்டு ஒரே கூரையின் கீழ் வந்தமை இவ்விதமே.

அணிகளின் நிலைமையைப் பார்ப்போம். அவற்றின் செலவில் மிகப் பெரும் பகுதியை அனுசரணையாளர்களே ஈடுசெய்கின்றனர். வங்கி, காப்புறுதிக் கம்பனி, தரை விரிப்பு உற்பத்தியாளர், அதிர்ஷ்டலாபச் சீட்டு நிறுவனம் என அணிகளின் பெயர்களே விளம்பரப் பலகைகளாக அமைந்திருப்பதற்குக் காரணம் இதுவே. நிறுவனத்தின் பணிப்பாளர் சபை மாறினால் அணியின் பெயர் மாறும். சில வேளைகளில் அணியே மறைந்துவிடும். டூர் டி பிரான்ஸ் வெற்றியாளருக்கு வழங்கப்படும் பரிசு 500,000 யூரோவாகும். மூன்று வாரப் போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையே சுமார் 2.3 மில்லியன் யூரோதான். அதே ஜூலை மாதத்தில், 2025ஆம் ஆண்டு விம்பிள்டன் ஒற்றையர் சம்பியன் தனியொருவராகப் பெற்றது 3 மில்லியன் பவுண்கள் என்பதை ஒப்பிட்டு நோக்குவோர்க்கு விடயம் தெளிவாகும். சைக்கிளோட்ட வெற்றியாளர் தமது பரிசை அணியின் சகாக்களுடன் பகிர்ந்துகொள்வதும் மரபாகும்.

வீரர்கள் இதனை மௌனமாக ஏற்றுக்கொண்டனர் எனவும் கூறமுடியாது. 1923ஆம் ஆண்டின் சம்பியனான ஹென்றி பெலிசியே, மறு ஆண்டு அணிந்திருந்த மேலாடைகளைக் கணக்கிட்டுப் பரிசோதித்த விதிமுறையை எதிர்த்துத் தமது சகோதரருடன் இடைநடுவில் விலகினார். அவர்கள் ஊடகவியலாளர் அல்பேர் லொந்திரிடம் வெளியிட்ட மனக்குமுறல் பிரான்சை உலுக்கியது. 1978இல் வலான்ஸ் தஜான் நகரில், அதிகாலையில் எழுப்பி ஒரே நாளில் இரண்டு கட்டங்களை ஓடவைப்பதை ஆட்சேபித்த வீரர்கள் இளைஞரான பெர்னார் இனோ தலைமையில் சைக்கிள்களிலிருந்து இறங்கி முடிவுக்கோட்டை நோக்கி நடந்து சென்றனர். ஆயினும், வருமானத்தில் பங்கு என்ற கோரிக்கை அன்றுமின்றி இன்றுமின்றி நிறைவேறாமலேயே உள்ளது.

சம்மேளனமும் நடத்துநர்களும்

இவ்விரு தரப்பினருக்கும் இடையில் மூன்றாவது தரப்பாக நிற்பது 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனமான யூ.சி.ஐ. ஆகும். விதிகளை வகுக்கும் அதிகாரம் அதனிடம் உண்டு. ஆனால், பெறுமதி வாய்ந்த போட்டிகளில் எதுவும் அதன் சொத்தன்று. அதற்குரிய பெரும் வருடாந்தப் போட்டி உலக சம்பியன்ஷிப் மாத்திரமே.

இந்தக் குறையை நீக்கும் நோக்குடன் ஹெய்ன் வெர்புருகன் தலைமையிலான சம்மேளனம் 2005இல் 'புரோ ரூர்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. அணிகளுக்குப் பல்லாண்டு அனுமதிப்பத்திரம். அதைப் பெற்ற அணிகளுக்கு அனைத்துப் பெரும் போட்டிகளிலும் பங்கேற்கும் உரிமை. நீண்டகால உறுதிப்பாடு இருப்பின் அனுசரணையாளர்கள் நிலைத்து நிற்பர் என்பது இதன் தர்க்கம். தர்க்கத்தில் தவறில்லை. ஆனால், யாரை அழைப்பது என்ற தமது உரிமை பறிபோவதை மூன்று பெரும் போட்டிகளின் உரிமையாளர்களும் ஏற்கவில்லை. வீட்டுக்காரனைக் கேளாமல் விருந்துக்கு ஆள் அழைப்பதா என்பதே அவர்களின் வாதமாக இருந்தது.

மோதல் 2008இல் உச்சத்தை அடைந்தது. பரிஸ் - நீஸ் போட்டியும், தொடர்ந்து டூர் டி பிரான்ஸும், உலக சம்மேளனத்தின் குடையிலிருந்து விலகி பிரெஞ்சு தேசிய சம்மேளனத்தின் அங்கீகாரத்துடன் நடத்தப்பட்டன. முந்தைய ஆண்டுச் சம்பியனான ஸ்பெயின் வீரர் அல்பேர்டோ கொன்டடோர் அவ்வாண்டு டூரில் பங்குபற்ற முடியாமற் போனது. ஊக்கமருந்துச் சர்ச்சைகளில் சிக்கியிருந்த அஸ்தானா அணியை நடத்துநர்கள் அழைக்காமையும், அதற்குச் சற்று முன்னரே அவர் அவ்வணியில் இணைந்திருந்தமையும் இதற்குக் காரணங்களாகும். முந்தைய குற்றத்தில் தொடர்பற்ற வீரரொருவர் இரு யானைகளின் சண்டையில் மிதிபட்ட புல்லானார். அவ்வாண்டின் செப்டெம்பரில் இணக்கம் ஏற்பட்டபோது 'புரோ ரூர்' பெயரளவிலேயே எஞ்சியிருந்தது. 2011இல் அது 'வேர்ல்ட் ரூர்' எனப் புதிய வடிவம் பெற்றது.

சம்மேளனம் அப்போராட்டத்தில் பலவீனமடைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1998இல் பெஸ்டினா அணியின் வாகனத்தில் ஊக்கமருந்துகள் கைப்பற்றப்பட்டது முதல் இந்த விளையாட்டின் மீதான நம்பிக்கை ஆட்டங்கண்டிருந்தது. 2012இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, 1999 முதல் 2005 வரை லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் வென்ற ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டன. சம்மேளனத்தின் தலைமை அவருக்குச் சலுகை காட்டியிருந்ததாக 2015இல் வெளியான சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. காவலனே கண்ணை மூடிக்கொண்டிருந்தான் என்றால், அவனது அதிகாரத்தை யார் மதிப்பர்? நெதர்லாந்தின் ரபோ வங்கி பதினேழு ஆண்டு கால அனுசரணையை 2012இல் முடிவுறுத்தியமை அந்த நம்பிக்கையிழப்பின் விலையாகும். அந்த விலையைச் செலுத்தியோரும் அணிகளின் வீரர்களும் பணியாளர்களுமே.

2015இன் இறுதியில் மற்றுமொரு சுற்று மோதல் மூண்டது. அணிகளுக்கு மூன்றாண்டு அனுமதிப்பத்திரம் வழங்கும் சீர்திருத்தத்தை எதிர்த்து, தனது போட்டிகள் யாவற்றையும் வேர்ல்ட் ரூரிலிருந்து விலக்கிக்கொள்வதாக ஏ.எஸ்.ஓ. அறிவித்தது. மறு ஆண்டே சமரசம் காணப்பட்டது. டூர் இல்லாத ஆண்டு அட்டவணை பெறுமதியற்றது என்பதை யாவரும் அறிவர், ஏ.எஸ்.ஓ.வும் அறியும். அதுவே அதன் ஆயுதம்.

பாலைவனத்திலிருந்து வந்த பணம்

நடத்துநர்களிடம் பங்கு கேட்டுச் சலித்த அணிகள் வேறு வழி தேடின. 2014இல் 11 அணிகள் ஒன்றிணைந்து 'வெலோன்' என்ற கூட்டு நிறுவனத்தை உருவாக்கின. எதிர்பார்த்த மாற்றம் நிகழவில்லை. அதற்கிடையில் வேறொரு வகை உரிமையாளர்கள் களத்தில் இறங்கியிருந்தனர். தனியார் நிறுவனங்கள் தயங்கி நின்ற இடத்தை அரசுகள் நிரப்பின. கஸக்ஸ்தானின் அஸ்தானா, 2017 முதல் பஹ்ரெய்ன், அதே ஆண்டு முதல் ஐக்கிய அரபு இராச்சியம் என அணிகள் தோன்றின. சவூதி அரேபியாவின் சுற்றுலாப் பிரதேசமான அல் உலாவின் பெயர் அவுஸ்திரேலிய அணியொன்றின் மேலாடையில் இடம்பெற்றது. 2020, 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் டூர் பட்டத்தை வென்ற சுலோவேனிய வீரர் டடேஜ் பொகாசார் ஐக்கிய அரபு இராச்சிய அணியைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் அடுத்த கட்டமே 'ஒன் சைக்கிளிங்' என்ற திட்டமாகும். விஸ்மா அணியின் தலைவர் ரிச்சர்ட் பிளுஹே இதனை முன்னின்று வகுத்தார். அணிகளும் சில நடத்துநர்களும் இணைந்து புதிய வர்த்தக அமைப்பை உருவாக்குவது, வருமானத்தைப் பகிர்ந்துகொள்வது, போட்டி அட்டவணையை மறுசீரமைப்பது என்பன இதன் உள்ளடக்கம். சவூதி அரேபியாவின் அரச முதலீட்டு நிதியத்தைச் சார்ந்த எஸ்.ஆர்.ஜே. நிறுவனம் முதலீட்டாளராக முன்வந்தது. சுமார் 250 மில்லியன் யூரோ வரை முதலிடப்படக்கூடும் என ஐரோப்பிய ஊடகங்கள் தெரிவித்திருந்தன. புகழ்பெற்ற பிளாண்டர்ஸ் போட்டியை நடத்தும் பெல்ஜிய நிறுவனமும் ஆதரவு காட்டியது.

கிரிக்கெட்டை அறிந்த நமது வாசகர்களுக்கு இது புதிய கதையல்ல. 1977இல் அவுஸ்திரேலியாவின் கெரி பெக்கர் ஒளிபரப்பு உரிமை மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் வீரர்களை விலைக்கு வாங்கித் தனிப் போட்டியே நடத்தினார். 2007இல் இந்தியாவில் தோன்றிய ஐ.சி.எல். போட்டியில் இணைந்த வீரர்கள் தடைகளை எதிர்கொண்டனர். அங்கெல்லாம் கலகக்காரர் தோற்றாலும் கலகத்தின் பயனாக வீரர்களின் ஊதியம் உயர்ந்தது. ஆனால், சைக்கிளோட்டத்தில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பெக்கரினால் வேறொரு மைதானத்தில் விளக்கேற்றி விளையாட வைக்க முடிந்தது. அல்ப்ஸ் மலையையும் நூற்றாண்டு கால நினைவையும் வேறொருவர் புதிதாகக் கட்டியெழுப்ப முடியாது.

2025 ஜூன் மாதத்தில் சம்மேளனம் இத்திட்டத்தை வேர்ல்ட் ரூருக்குள் ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. விதிமுறைகளுடன் பொருந்தவில்லை, விளையாட்டு ரீதியான ஒத்திசைவு இல்லை என்பன கூறப்பட்ட காரணங்கள். ஆரம்பம் முதலே இதிலிருந்து ஒதுங்கி நின்ற ஏ.எஸ்.ஓ.வுக்கு இது வெற்றியாகும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எதிரும் புதிருமாக நின்ற சம்மேளனமும் நடத்துநரும் இம்முறை ஒரே பக்கத்தில் நின்றனர்.

இது வளைகுடாப் பணத்திற்கு எதிரான கொள்கை நிலைப்பாடு என எவரும் எண்ணிவிடலாகாது. இதே ஏ.எஸ்.ஓ. ஓமானிலும் சவூதி அரேபியாவிலும் சைக்கிளோட்டப் போட்டிகளை நடத்தியுள்ளது. அதன் டாக்கார் மோட்டார் ஓட்டம் 2020 முதல் சவூதி மண்ணிலேயே நடைபெற்று வருகின்றது. பணம் அனுசரணையாக வரும்போது வரவேற்பு. பங்குதாரராக வரும்போது எதிர்ப்பு. பிரச்சினை பணத்தின் ஊர் அல்ல, அதிகாரத்தின் இருக்கையே என்பது இதிலிருந்து புலனாகின்றது.

மாட்ரிட் வீதியில் நடந்தது

அரசுகள் தமது பெயரை வீரர்களின் மார்பில் எழுதும்போது, அந்த அரசுகளின் செயல்களும் கூடவே வீதிக்கு வந்து சேர்கின்றன. 2025ஆம் ஆண்டின் வுவெல்டா இதனை உலகிற்கு உணர்த்தியது.

காஸாவில் பல்லாயிரக்கணக்கான மக்கள் கொல்லப்பட்டுவந்த வேளையில், 'இஸ்ரேல் பிரீமியர் ரெக்' என்ற பெயருடன் அணியொன்று ஸ்பெயினின் வீதிகளில் ஓடியது. அது இஸ்ரேலிய அரசின் அணியல்ல, தனியார் அணி என்ற விளக்கம் மக்களிடம் எடுபடவில்லை. நாட்டின் பெயரை உலகெங்கும் எடுத்துச் செல்வதே அதன் நோக்கமென அணியின் உரிமையாளர்களே முன்னர் பெருமையுடன் கூறிவந்தவர்கள். பலஸ்தீன ஆதரவாளர்களின் எதிர்ப்பினால் பில்பாவோவில் முடிவடையவிருந்த கட்டம் வெற்றியாளரின்றி இடைநிறுத்தப்பட்டது. செப்டெம்பர் 14ஆம் திகதி மாட்ரிட்டில் நடைபெறவேண்டிய இறுதிக் கட்டம், வீதிகளை மக்கள் நிறைத்ததால் கைவிடப்பட்டது. மூன்று வாரங்கள் ஓடி வென்ற விங்ககோரும் சகாக்களும் ஹோட்டலொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் தாமாகவே பரிசளிப்பை நடத்திக்கொண்டனர்.

அணியை விலகுமாறு கட்டளையிடும் அதிகாரம் தமக்கில்லை என நடத்துநர் கூறினர். விளையாட்டு நடுநிலையானது எனச் சம்மேளனம் கூறியது. ஆனால், 2022 மார்ச்சில் உக்ரேன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து ரஷ்ய, பெலாருஸ் அணிகளின் அங்கீகாரத்தை நீக்கியதும் இதே சம்மேளனமே. ஒன்றுக்கு ஒரு நீதி, மற்றொன்றுக்கு வேறு நீதி என்ற கேள்வியை எழுப்பியோரை விளையாட்டின் விரோதிகள் எனக் கூறிவிட முடியாது. மறுபுறத்தில், நெரிசலான வீதியில் வேகமாக வரும் வீரர்களின் உயிருக்கு ஆபத்து நேர்ந்திருக்கக்கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஈற்றில் முடிவைத் தந்தது எந்த விதியுமல்ல, வழமைபோல் அனுசரணையாளரே. 2025 ஒக்டோபரில் அணி 'இஸ்ரேல்' என்ற பெயரைக் கைவிடுவதாக அறிவித்தது. அடுத்த மாதம் பிரீமியர் ரெக் நிறுவனமும் விலகியது. 2026ஆம் ஆண்டுக்கு அது 'என்.எஸ்.என்.' என்ற புதிய பெயருடன் சுவிட்சர்லாந்தில் பதிவுசெய்யப்பட்டது.

எஞ்சுவோர் யார்?

பெரியவர்களின் போட்டிக்கிடையில் சிறிய அணிகளின் கதி கவலைக்குரியது. உச்ச நிலையிலுள்ள 18 இடங்களுக்காக மூன்றாண்டுப் புள்ளிகளின் அடிப்படையில் தரமுயர்த்தலும் தரமிறக்கலும் நடைபெறுகின்றன. 2022இன் இறுதியில் முதற் தடவையாக இரண்டு அணிகள் இறக்கப்பட்டன. 2025இன் இறுதியில் பிரான்சின் ஆர்கேயா அணி அனுசரணையாளரை இழந்து மூடப்பட்டது. பெல்ஜியத்தின் லொட்டோவும் இன்டர்மார்ஷேயும் தனித்து நிற்க இயலாது ஒன்றாக இணைந்தன. நீண்ட வரலாறு கொண்ட பிரான்சின் கொபிடிஸ் அணி தரமிறக்கப்பட்டது. ஓர் அணி மூடப்படுவதென்பது முப்பது வரையான வீரர்களின் தொழில் மட்டுமல்ல. இயந்திரவியலாளர், மருத்துவ உதவியாளர், சமையலாளர், சாரதி எனப் பலரின் குடும்ப வருமானமும் நிற்பதாகும். வீரர்களின் சம்பளத்துக்குச் சம்மேளனம் கோரும் வங்கி உத்தரவாதம் சில மாதங்களுக்கே போதுமானது.

அதேவேளை, நம்பிக்கை தரும் அறிகுறிகளும் இல்லாமலில்லை. 2022இல் மீண்டும் தொடங்கப்பட்ட பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் பெருந்திரளான இரசிகர்களைக் கவர்ந்துள்ளது. 2025இல் அதனை பிரெஞ்சு வீராங்கனை போலின் பெரான் பிரேவோ வென்றபோது அந்நாடே கொண்டாடியது. 2024இல் எரித்திரியாவின் பினியம் கிர்மாய் டூரில் மூன்று கட்டங்களை வென்று பச்சை மேலாடையையும் பெற்றார். 2025இல் வீதி உலக சம்பியன்ஷிப் முதற் தடவையாக ஆபிரிக்க மண்ணில், றுவண்டாவின் கிகாலி நகரில் நடைபெற்றது. மக்கள் இந்த விளையாட்டைக் கைவிடவில்லை. கைவிடும் ஆபத்து மேலிருந்தே வருகின்றது.

வருமானத்தைப் பெருக்குவதற்காக மலைச்சரிவுகளில் கட்டணப் பகுதிகளை அமைக்கலாம் என்ற யோசனை பிரான்சில் எழுந்துள்ளது. பிரித்தானியாவில் பல்லாண்டுகளாக இலவசத் தொலைக்காட்சியில் காணக்கிடைத்த டூர், 2024இல் செய்யப்பட்ட உடன்பாட்டினால் 2026 முதல் கட்டண அலைவரிசைக்குச் செல்லும் நிலை உருவாகியது. இது விதை நெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பானதாகும். வீட்டு வாசலில் நின்று எந்தக் கட்டணமுமின்றி உலக சம்பியனைப் பார்க்கக்கூடிய ஒரேயொரு பெரும் விளையாட்டு இதுவே. அந்த இலவசமே அதன் மூலதனம். அனுசரணையாளர் பணம் செலுத்துவதும் அந்தக் கூட்டத்தின் கண்களுக்காகவே.

நமது நிலைப்பாடு தெளிவானது. 'லோத்தோ' காலத்திலிருந்து நடத்துநர்கள் பேணிவந்த மரபு மதிப்புக்குரியது. அந்த மரபைத் தம் கால்களால் எழுதிய வீரர்களுக்கும் அவர்களைச் சுமக்கும் அணிகளுக்கும் ஒளிபரப்பு வருமானத்தில் நியாயமானதொரு பங்கை வழங்குவதால் அது அழிந்துவிடாது. மாறாக, அத்தகைய பங்கு கிடைக்குமாயின் ஓர் அரசின் கஜானாவையோ ஒரு செல்வந்தரின் மனநிலையையோ நம்பி அணிகள் வாழவேண்டிய தேவை குறையும். எவரது பெயரை மார்பில் எழுதுவது எனத் தெரிவு செய்யும் சுதந்திரமும் அப்போதுதான் பிறக்கும். சம்மேளனம் தனது பங்கிற்கு, எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலைப் பிரயோகிக்கும் விதியை எழுத்தில் வகுத்தல் அவசியமாகும். அது இல்லாதவரை அடுத்த மாட்ரிட் எங்கு நிகழும் என்பது மட்டுமே கேள்வியாக இருக்கும்.

ஒன் சைக்கிளிங் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக அது முன்வைத்த கோரிக்கையும் மறைந்துவிட்டதாக எவரும் ஆறுதல் கொள்ளலாகாது. பங்கு மறுக்கப்பட்டவர்கள் வேறொரு முதலீட்டாளருடன் மீண்டும் கதவைத் தட்டுவர். அவ்வேளையில் கதவைத் திறப்பதா என்பதைத் தீர்மானிக்கும் வலிமை இன்று அதை மூடியவர்களிடம் இருக்குமா என்பது சந்தேகமே. கேட்டுப் பெறுபவனுக்குக் காலமறிந்து கொடுப்பவன், பின்னர் பறித்தெடுப்பவனுக்கு அஞ்சவேண்டியதில்லை. டூரின் உரிமையாளர்கள் இதனை உணர்ந்துகொள்வதற்கு இன்னமும் அவகாசம் உண்டு என்றே நாம் நம்புகின்றோம்.